பேட்டரி புதிது, கார் மட்டும் கிளம்பவில்லை: ஸ்டார்ட்டர் மின்சுற்றை வீட்டிலேயே சோதிப்பது எப்படி

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கும் பழைய சிறிய கார் ஒன்று, ஐந்தே மாதத்தில் இரண்டு பேட்டரிகளை விழுங்கியது. நான்காவது மாடி அக்காவின் கார் அது. பொழுது விடியும் முன்பே பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு வேலைக்கு ஓட வேண்டியவர் அவர். சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், பின் பாரம் தாங்காத மாடு போல ஒரு முனகல், பிறகு அமைதி. சில நாள் நான்கைந்து முறை முயன்றால் கிளம்பும். சில நாள் அதுவும் இல்லை.

ஒருநாள் காலையில் என் கதவைத் தட்டினார். "தம்பி, இந்தப் பேட்டரி வாங்கி ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. கடைக்காரர் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு நன்றாகத்தான் இருக்கிறது என்கிறார். அப்படியென்றால் எதுதான் கெட்டிருக்கிறது?" என்று கேட்டார்.

கடைக்காரர் சொன்னது உண்மை. பேட்டரியில் குறை இல்லை. முதலில் தூக்கிப்போட்ட பேட்டரியிலும் குறை இருந்திருக்காது என்பதுதான் எனக்கு வருத்தம். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரப் பராமரிப்பில் இருக்கிறேன். கார் பழுதுபார்ப்பது என் தொழில் அன்று. ஆனால் பேட்டரியிலிருந்து ஒரு மோட்டாருக்குப் போகும் மின்சாரம் காரிலும் தொழிற்சாலையிலும் ஒரே விதிக்குத்தான் கட்டுப்படுகிறது. அந்த விதியைப் புரிந்துகொண்டால், 50 ரிங்கிட்டுக்குள் கிடைக்கும், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்றை வைத்துக்கொண்டு, வண்டியை இழுத்துச் செல்ல ஆள் கூப்பிடும் முன்பே பழுது எந்தப் பக்கம் என்று சொல்லிவிடலாம்.

என்ஜினை முதலில் சுழற்றிக் கிளப்பும் மோட்டார்தான் ஸ்டார்ட்டர். அதன் மின்சுற்றில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று சிறிய பாதை. பேட்டரியிலிருந்து புறப்பட்டு, ஃபியூஸ், சாவி ஸ்விட்ச், ஆட்டோ கியர் வண்டியானால் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இருக்கிறதா என்று பார்க்கும் ஸ்விட்ச், பல வண்டிகளில் ஒரு ரிலே (மின்சாரத்தால் இயங்கும் ஸ்விட்ச்) என்று சுற்றிவந்து, ஸ்டார்ட்டரின் முதுகில் இருக்கும் சோலினாய்டில் ஒரு மெல்லிய வயராக முடியும். இதன் வேலை கட்டளையைச் சுமந்து செல்வது மட்டும். மற்றது பெரிய பாதை. பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கட்டைவிரல் பருமனுள்ள கேபிள் ஒன்று நேரே ஸ்டார்ட்டருக்கு வரும். ஸ்டார்ட்டரைச் சுழற்றிய மின்சாரம் அதன் இரும்பு உடல் வழியாக என்ஜினுக்கும், அங்கிருந்து எர்த் கேபிள் வழியாகப் பேட்டரியின் மைனஸ் முனைக்கும் திரும்பும். சிறிய பெட்ரோல் என்ஜினைச் சுழற்றவே 100 முதல் 200 ஆம்பியர் வரை இந்தப் பாதையில் ஓடும்.

இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடம் சோலினாய்டு. சாவியைத் திருப்பியதும் அதற்குள்ளிருக்கும் சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் தண்டை இழுக்கும். அந்த ஒரே இழுப்பில் இரண்டு காரியங்கள் நடக்கும். தண்டின் ஒரு பக்கம் பினியன் என்ற சிறு பல்சக்கரத்தைத் தள்ளி என்ஜினின் ஃபிளைவீல் என்ற பெரிய சக்கரத்தின் பற்களோடு கோக்கும். மறுபக்கம் ஒரு செம்பு வட்டை இரண்டு பெரிய போல்ட்டுகளின் மேல் அழுத்திப் பெரிய பாதையை இணைக்கும். நமக்குக் கேட்கும் 'டக்' சத்தம் இந்தத் தண்டு போய் மோதும் ஓசைதான்.

இந்த மோட்டாரின் வரலாற்றில் ஒரு செய்தி எனக்கு மிகவும் பிடிக்கும். 1912-ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் மின் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் கடைகளின் பணப்பதிவு இயந்திரத்துக்கு மோட்டார் செய்தவர். அந்த மோட்டார் சில நொடிகள் மட்டும் ஓங்கி இழுத்தால் போதும், நாள் முழுக்க ஓட வேண்டியதில்லை. காரைக் கிளப்பவும் அதே குணம்தான் தேவை. இன்றும் ஸ்டார்ட்டர் அப்படித்தான் செய்யப்படுகிறது. அதனால் சாவியைப் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து திருப்பிப் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் இடையே அரை நிமிடமாவது ஆறவிடுங்கள். பிடிவாதமாக முப்பது நொடி சுழற்றினால், இருந்த பழுதோடு சுருள் கருகிய பழுதும் சேரும்.

இனி, இந்தக் கட்டுரையை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு மின்னழுத்த இழப்பு என்று பெயர். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் சாலையோரம் தண்ணீர்ப் பந்தல்கள் வரிசையாக நிற்கும். ஒரு பந்தலில் பெரிய தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் இழுத்து, முனையில் ஒரு திருகுக் குழாய் மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுவழியில் யாரோ ஒரு கனமான பெட்டியைக் குழாயின் மேலேயே வைத்துவிட்டார்கள். திருகைத் திறக்காதவரை முனையில் அழுத்தம் குறையாது. அழுத்தமானி வைத்துப் பார்த்தாலும் தொட்டியின் முழு அழுத்தத்தையும் காட்டும். திறந்த மறுநொடிதான் உண்மை தெரியும்: தண்ணீர் நூலாக ஒழுகும். இதைப் பார்த்து யாரேனும் தொட்டியை மாற்றுவார்களா? அக்காவின் காரில் இரண்டு முறை நடந்தது அதுதான்.

வோல்ட் என்பது அழுத்தம், ஆம்பியர் என்பது ஓட்டம். துருவேறிய ஓர் இணைப்பில் வெறும் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று கொள்வோம். 150 ஆம்பியர் அதைக் கடக்கும்போது 150 × 0.01, அதாவது 1.5 வோல்ட் அந்த இடத்திலேயே தொலைந்துவிடும். தொலைந்தது வெப்பமாக மாறும். கணக்குப் போட்டால் 225 வாட், பழைய 100 வாட் குண்டு பல்புகள் இரண்டின் சூட்டைவிட அதிகம். ஆனால் அதே இணைப்பின் வழியே ஒரு சிறு விளக்கு அரை ஆம்பியர் எடுத்தால் தொலைவது 0.005 வோல்ட்தான். அதனால்தான் வானொலி பாடும், விளக்கு எரியும், என்ஜின் மட்டும் அசையாது. மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துக் கேபிளைச் சோதிப்பது பயனில்லாததும் இதனால்தான். சாதாரண மீட்டருக்கு 0.01 ஓம் கண்ணுக்கே தெரியாது. நூறு இழைகளில் ஒன்று மட்டும் அறாமல் மிஞ்சியிருந்தாலும் "இணைப்பு நன்று" என்றுதான் காட்டும். பாதையைச் சோதிக்க வேண்டிய நேரம், அதில் மின்சாரம் ஓடும் நேரம் மட்டுமே.

மீட்டரை எடுக்கும் முன் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பி, சத்தத்தையும் விளக்கையும் சேர்த்துக் கவனியுங்கள். சத்தமே இல்லை, விளக்கும் மங்கவில்லை என்றால் கட்டளை போய்ச் சேரவில்லை. முதல் சந்தேகம் சிறிய பாதை. ஆட்டோ வண்டியானால் கியரை 'பி'-யிலிருந்து 'என்'-னுக்கு மாற்றி முயலுங்கள். அதில் கிளம்பினால் கியர் ஸ்விட்ச் தேய்ந்திருக்கிறது அல்லது இடம் மாறியிருக்கிறது. பொத்தானை அழுத்திக் கிளப்பும் வண்டியானால், பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் ஸ்விட்ச் கெட்டால் அந்த வண்டிகள் கிளம்பா. சாவிக்குள் இருக்கும் சிறு பேட்டரி தீர்ந்துபோனாலும் இதே கதைதான்.

'டக் டக் டக் டக்' என்று வேகமாக அடித்துக்கொண்டால், பெரும்பாலும் பேட்டரியில் சக்தி இல்லை, அல்லது அதன் டெர்மினல் கவ்விகள் தளர்ந்திருக்கின்றன. அந்தத் தாளம் எப்படி வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மறக்காது. சோலினாய்டு தண்டை இழுக்கிறது. செம்பு வட்டு பெரிய பாதையை இணைக்கிறது. மோட்டார் பெருமளவு மின்சாரத்தைக் கேட்ட உடனே வோல்ட் சரிகிறது. சரிந்ததும் காந்தம் வலுவிழந்து தண்டு திரும்பிப் போகிறது. பாதை துண்டிக்கப்பட்டதால் வோல்ட் மீள்கிறது, காந்தம் மறுபடி இழுக்கிறது. இந்தச் சுற்று நொடிக்குப் பல முறை நடக்கிறது.

ஒரே ஒரு கனமான 'டக்' மட்டும் கேட்டு விளக்கு மங்காவிட்டால், தண்டு வேலை செய்கிறது, மோட்டாருக்கு மின்சாரம் பாயவில்லை. செம்பு வட்டு கருகியிருக்கலாம், மோட்டாருக்குள் சுழலும் பகுதிக்கு மின்சாரம் தரும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். ஸ்பேனரின் பிடியால் ஸ்டார்ட்டரின் உடலை மெல்லத் தட்டும்போது வண்டி கிளம்பினால், பிரஷ் தன் கடைசி நாட்களில் இருக்கிறது என்று பொருள். மெல்ல என்பதை அழுத்திச் சொல்கிறேன். இன்றைய ஸ்டார்ட்டர்கள் பலவற்றில் நிலைக்காந்தங்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன, ஓங்கி அடித்தால் விரிசல் விடும். மோட்டார் 'விர்' என்று தனியே சுற்றி என்ஜின் சுழலாவிட்டால் பினியன் கோக்கவில்லை. பல் உரசும் கொடூரச் சத்தம் கேட்டால் உடனே நிறுத்துங்கள். என்ஜின் வழக்கமான வேகத்தில் நன்றாகச் சுழல்கிறது, பற்றிக்கொள்ளத்தான் மாட்டேன் என்கிறது என்றால் ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுப் பெட்ரோலையும் ஸ்பார்க் பிளக்கையும் பாருங்கள்.

முனகல், அதாவது அக்காவின் கார் தந்த சத்தம், எல்லாவற்றிலும் ஏமாற்றுக்கார அறிகுறி. பேட்டரி தளர்ந்தாலும், கேபிள் கெட்டாலும், ஸ்டார்ட்டர் உள்ளே தேய்ந்தாலும் முனகல் ஒரே மாதிரித்தான் கேட்கும். இங்கேதான் மீட்டர் தேவை.

அளக்கும் முன் சில கட்டாயங்கள். மோதிரம், வளையல், கைக்கடிகாரம் அனைத்தையும் கழற்றிவையுங்கள். கழுத்துச் சங்கிலியைச் சட்டைக்குள் போட்டால் போதாது, கழற்றியே வையுங்கள். பிளஸ் முனைக்கும் காரின் உடம்பு இரும்புக்கும் நடுவே மோதிரம் மாட்டினால் விரல் வெந்துவிடும். பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். அருகில் சிகரெட்டும் தீப்பொறியும் கூடாது. ஹேண்ட்பிரேக் போட்டு, ஆட்டோ என்றால் 'பி'-யிலும் மேனுவல் என்றால் நியூட்ரலிலும் வையுங்கள். எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டால் என்ஜின் சுழலும், ஆனால் பற்றாது. அது எந்த ஃபியூஸ் என்பது கையேட்டில் இருக்கும். ஸ்டார்ட்டரைத் தொட வண்டிக்கு அடியில் படுக்க வேண்டும் என்றால், ஜாக் மட்டும் முட்டுக்கொடுத்த வண்டிக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள். ஹைபிரிட் வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள் எதையும் தொடாதீர்கள்.

மீட்டரை நேர்மின் (DC) 20 வோல்ட் அளவில் வையுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் முதலில் பேட்டரி முனைகளை அளந்துபாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழுச் சக்தி. 12.2 என்றால் ஏறத்தாழப் பாதி. 12-க்குக் கீழே என்றால் முதலில் சார்ஜ் ஏற்றிவிட்டுத்தான் மற்ற சோதனைகள். நம் ஊர் வெப்பம் பேட்டரியின் உள்தகடுகளை வேகமாக அரிப்பதால், இரண்டு ஆண்டு தாண்டிய பேட்டரியைச் சந்தேகப்படுவதில் தவறில்லை. அடுத்து, ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, அதே முனைகளை மறுபடி அளக்க வேண்டும். என்ஜின் சுழலும் நேரத்தில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் பேட்டரி பலவீனம், அல்லது ஸ்டார்ட்டர் அளவுக்கு மீறி இழுக்கிறது.

இனி வருவதுதான் பேட்டரிக் கடைக்காரர் செய்யாத சோதனை. மீட்டரின் ஒரு முள்ளை, அதாவது அதன் வயர் நுனியை, பேட்டரியின் பிளஸ் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். அதைச் சுற்றிய கவ்வியின் மேல் அன்று. மறு முள்ளை ஸ்டார்ட்டரில் பெரிய கேபிள் வந்து இறங்கும் போல்ட்டில் வையுங்கள். எட்டவில்லை என்றால் நீண்ட வயர் ஒன்றில் முதலைக் கவ்வி மாட்டி முதலிலேயே பொருத்திவிட்டு, விசிறியிலிருந்தும் பெல்ட்டிலிருந்தும் கையை எடுத்துவிடுங்கள். இப்போது சாவியைத் திருப்பினால், மீட்டர் காட்டும் எண்தான் அந்தப் பாதை தின்னும் வோல்ட். 0.5-க்குள் இருக்க வேண்டும். பிறகு எர்த் பக்கம்: ஒரு முள் மைனஸ் கம்பத்தில், மறுமுள் என்ஜினின் சுத்தமான இரும்பில். சாவியைத் திருப்பும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். எங்கேனும் பாதை முழுதாக அறுந்திருந்தால், அந்த இடைவெளியின் இரு பக்கங்களுக்கும் நடுவே அளந்தால் ஏறத்தாழ முழு 12 வோல்ட்டும் காட்டும்.

சாவியை அக்கா திருப்பினார், மீட்டரை நான் பிடித்தேன். ஓய்வில் பேட்டரி 12.6. முனகும்போது 11.2. பிளஸ் பாதையில் இழப்பு 0.3. எர்த் பாதையில் 4.2 வோல்ட்! 11.2-இல் 4.5-ஐக் கழித்தால், ஸ்டார்ட்டருக்குப் போய்ச் சேர்ந்தது வெறும் 6.7 வோல்ட். பாவம், முனகாமல் என்ன செய்யும்?

அடுத்தது பாதையைக் கூறுபோட்டுத் தேடுவது. மைனஸ் கம்பத்திலிருந்து அதன் கவ்விவரை இழப்பு இல்லை. கம்பத்திலிருந்து காரின் உடம்பில் எர்த் போல்ட் இருக்கும் இடம்வரை 0.1. கம்பத்திலிருந்து என்ஜின்வரை 4.2. அப்படியானால் தொலைவது உடம்புக்கும் என்ஜினுக்கும் நடுவே. என்ஜின் ரப்பர் தாங்கிகளின் மேல் உட்கார்ந்திருப்பதால், அந்தக் காரில் அதை உடம்போடு மின்சாரத்தால் இணைப்பது பின்னல் கம்பியால் ஆன ஓர் எர்த் பட்டை மட்டும்தான். (இந்தப் பட்டை கெட்டால், பழைய கார்களில் மின்சாரம் வேறு வழி தேடி ஆக்சிலரேட்டர் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைச் சுடவைக்கும். காரணம் தெரியாத சூடு அங்கே இருந்தால் எர்த்தை நினைத்துக்கொள்ளுங்கள்.) பட்டையைக் கழற்றியபோது போல்ட் முனையில் பச்சையாகப் பூத்திருந்தது, பின்னலில் பாதி இழைகள் கையோடு வந்தன. கடற்காற்று அடிக்கும் தீவில் பத்துப் பதினைந்து வருடம் நின்ற காரில் இதை எதிர்பார்க்கத்தான் வேண்டும்.

சரிசெய்தது அரை மணி நேர வேலை. முதலில் பேட்டரியின் மைனஸ் கவ்வியைக் கழற்றினேன். கழற்றும்போது மைனஸ் முதலில், மாட்டும்போது மைனஸ் கடைசியில். போல்ட் உட்காரும் இடங்களில் பெயிண்டையும் துருவையும் உப்புத்தாளால் தேய்த்து வெள்ளை இரும்பு தெரியும்வரை கொண்டுவந்தேன். அதே பருமனில் புதுப்பட்டை மாட்டி இறுக்கி, மேலே வாசலின் பூசினேன். பட்டையின் விலை, வீணாக வாங்கிய ஒரு பேட்டரியின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. கவ்விகளில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதற்கும் சமையலறையிலேயே மருந்து இருக்கிறது: ஆப்பச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக் கரையும். பேட்டரியின் மூடிகள் இறுக்கமாக இருக்கட்டும், கரைசல் உள்ளே இறங்கக் கூடாது. கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள்.

பிறகு மறுபடி அளந்தோம். இந்த முறை அக்கா மீட்டரைப் பிடித்தார், நான் சாவியைத் திருப்பினேன். எர்த் பக்கம் 0.1. பிளஸ் பக்கம் 0.4. பேட்டரி முனைகளில் 10.5.

"தம்பி, முன்பு 11.2 இருந்ததே, இப்போது குறைந்துவிட்டதே?" என்று பதறினார்.

நல்ல கேள்வி. முன்பு அடைபட்ட பாதை மின்சாரத்தைத் தாராளமாக ஓடவிடவில்லை, பேட்டரிக்கு வேலை குறைவு, அதனால் அதன் வோல்ட் உயர்ந்து நின்றது. இப்போது ஸ்டார்ட்டர் தனக்கு வேண்டியதை முழுதாக இழுக்கிறது, பேட்டரி உழைக்கிறது. பிளஸ் பாதையின் இழப்பு 0.3-லிருந்து 0.4-க்கு ஏறியதும் அதே காரணத்தால்தான். ஸ்டார்ட்டருக்குச் சேர்வது 6.7-லிருந்து 10 வோல்ட்டாக உயர்ந்துவிட்டது.

இரண்டு பக்க இழப்பும் அளவுக்குள் இருந்து, பேட்டரியும் நன்றாக இருந்து, அப்போதும் முனகினால் மட்டுமே குற்றம் ஸ்டார்ட்டருக்குள். 'டக்' கேட்கும் நேரத்தில் சோலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவே அளந்து, 0.3-க்கு மிக மேலே இருந்தால் செம்பு வட்டு கருகியிருக்கிறது. சத்தமே இல்லாத வண்டியில், சாவியைத் திருப்பும்போது மெல்லிய கட்டளை வயரில் 10 வோல்ட்டுக்கு மேல் வந்தும் தண்டு அசையாவிட்டால் சோலினாய்டு கெட்டது. வோல்ட் வரவே இல்லையென்றால் ரிலே, கியர் ஸ்விட்ச், சாவி ஸ்விட்ச் என்று பின்னோக்கிப் போக வேண்டும். ஸ்க்ரூடிரைவரால் பெரிய போல்ட்டுகளை இணைத்துப் பார்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம். தீப்பொறி பறக்கும், கியரில் இருந்த வண்டி பாய்ந்து ஆளை நசுக்கும்.

ஸ்டார்ட்டரைக் கழற்றிப் பிரஷ் மாற்றுவது கார் மின்வேலை பார்க்கும் வயர்மேனின் வேலை. அவரிடம் போகும்போது "கார் ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அளந்த நான்கு எண்களை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்: ஓய்வில் பேட்டரி, சுழலும்போது பேட்டரி, பிளஸ் இழப்பு, எர்த் இழப்பு. அக்கா அந்தத் தாளைக் காரின் கையேட்டுக்குள் மடித்து வைத்திருக்கிறார், தேதியும் போட்டு.